12+ என்று போட்டது யார்?



ஆய்க்குடியிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் இருந்தபடி பீடி சுற்றுகிறவர். கணவருக்கு வெளிநாட்டில் வேலை. மகன் எட்டாம் வகுப்பு. கொரோனா சமயத்தில் மூத்த பெண்ணின் ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய போன், இப்போது பையன் கைக்கு வந்துவிட்டது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"எந்த கேம் ஏத்தினாலும் நான் பார்த்துட்டுத்தான் விடுவேன். இதுல 12+ன்னு போட்டிருந்துச்சு. இவனுக்கு 13 ஆயிட்டு. சரிதான்னு விட்டுட்டேன். இப்போ என் கணக்குலேருந்து எண்பது, நூறுன்னு காசு போயிக்கிட்டே இருக்கு. கேட்டா பெட்டி திறந்தேன்னு சொல்லுதான். கவர்மெண்ட் பார்த்துத்தான அந்த நம்பரைப் போட்டிருக்கும்?"

கடைசி வரியில் இருக்கும் அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதப் பக்கம் முழுவதும்.

இல்லை அம்மா. அந்த எண்ணை நம் அரசாங்கம் போடவில்லை. நம் நாட்டில் எந்த அலுவலகமும் அந்த விளையாட்டை ஆடிப் பார்த்து, இது இத்தனை வயதுக்கு என்று முத்திரை குத்தவில்லை.

ப்ளே ஸ்டோரில் விளையாட்டின் பெயருக்குக் கீழே சின்னதாக 3+, 7+, 12+, 16+, 18+ என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். ஐ.ஏ.ஆர்.சி. என்ற பன்னாட்டு வயதுத்தரக் கூட்டமைப்பின் ஏற்பாடு அது. 2013-ல் உருவானது. கூகுள் 2015-ல் அதைத் தன் கடைக்குள் கொண்டுவந்தது. விளையாட்டைத் தயாரித்த நிறுவனமே ஒரு கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். ரத்தம் தெறிக்குமா, கெட்ட வார்த்தை வருமா, உடையில்லாத காட்சி உண்டா, போதைப்பொருள் உண்டா, சூதாட்டம் காட்டப்படுகிறதா என்று வரிசையாகக் கேள்விகள். நிரப்பி முடித்தால் எண் தானாக வந்து விழும். ஒரே விடைத்தாளுக்கு நாட்டுக்கு நாடு வேறு எண் வரலாம் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவுக்கு இ.எஸ்.ஆர்.பி. அமைப்பின் விதி, ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குப் பெகி அமைப்பின் விதி, ஜெர்மனிக்கு யு.எஸ்.கே., ஆஸ்திரேலியாவுக்கு அந்நாட்டு அரசின் விதி. சொந்தமாக விதி வைத்துக்கொள்ளாத நாடுகளுக்கு ஒரு பொது எண். நாம் அந்தக் கடைசிக் கூட்டத்தில் நிற்கிறோம்.

சினிமாவுக்கு அப்படியில்லை. தென்காசியில் ஒரு படம் திரையிட வேண்டுமென்றால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 2023-ல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி, யு/ஏ என்ற ஒரே பிரிவை 7+, 13+, 16+ என்று மூன்றாக வகுத்திருக்கிறார்கள். ஓடிடி தளங்களும் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி தங்கள் தொடர்களுக்கு இதே மாதிரி வயது போட வேண்டும். இரண்டரை மணி நேரம் ஓடிவிட்டு முடிந்துபோகிற படத்துக்கு இவ்வளவு யோசித்தோம். தினமும் மணிக்கணக்கில் பிள்ளை கையில் இருப்பதும், காசு கேட்பதுமான ஒன்றுக்கு வெளியூர்க்காரர் கொடுத்த பொது எண்ணே போதும் என்று இருந்துவிட்டோம்.

சரி, அந்த எண்ணாவது காசு விஷயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறதா? ஐரோப்பாவின் கதையைப் பாருங்கள். ஃபிஃபா என்ற கால்பந்து விளையாட்டு உலகம் முழுக்கப் பிரபலம்; இப்போது அது ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. என்ற பெயரில் வருகிறது. காசு கொடுத்து மூடிய 'பேக்' வாங்கலாம். உள்ளே மெஸ்ஸி இருப்பாரா, யாரென்றே தெரியாத ஓர் ஆட்டக்காரர் இருப்பாரா என்பது திறந்தால்தான் தெரியும். இத்தனையும் வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு ஐரோப்பாவில் பல ஆண்டுகளாக வாங்கிய தரம் 3. மூன்று வயதுப் பிள்ளையும் ஆடலாம். ரத்தமில்லை, வசையில்லை, அதனால் 3. இதையே ஜெர்மனிக்காரர்கள் 2023-ல் விதியை மாற்றிக்கொண்டு பார்த்தார்கள், எஃப்.சி. 24-க்கு 12 என்று போட்டார்கள். பந்தும் மைதானமும் அதேதான். காசு வாங்கும் விதத்தையும் கணக்கில் சேர்த்தார்கள், எண் மாறிவிட்டது.

கடிதம் வந்த வாரம் ஆய்க்குடிக்குப் போயிருந்தேன். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: தென்காசிக்குப் பக்கத்தில் அனுமன் நதிக்கரையில் இருக்கிற ஊர். பால சுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. பிள்ளை வரம் வேண்டிக்கொண்டவர்கள் ஆற்றுப் படிக்கட்டில் பாயசத்தை ஊற்ற, ஊர்ப் பிள்ளைகள் அதை அள்ளிக் குடிப்பார்கள். படிப்பாயசம் என்று பெயர். மாற்றுத்திறனாளிகளுக்காக எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருப்பதும் இந்த ஊரில்தான். பிள்ளைகளை மையமாக வைத்தே பெயர் வாங்கிய ஊர் என்று சொன்னால் மிகையில்லை.

படித்துறைப் பக்கம் நாலைந்து பையன்கள் தலையைச் சேர்த்துவைத்து ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து கேட்டேன். ஆரம்பத்தில் வெட்கப்பட்டார்கள், பிறகு எனக்கே வகுப்பெடுத்தார்கள். டாப்-அப் போட்டு டைமண்ட் ஏற்ற வேண்டும். டைமண்டை வைத்து ஸ்பின் போட வேண்டும். சக்கரம் சுற்றும். துப்பாக்கிக்குப் புது ஸ்கின், அதாவது புதுத் தோற்றம் விழலாம், ஆளுக்கு உடுப்பு விழலாம், ஆடிக்காட்டும் அசைவான எமோட் விழலாம். பெரும்பாலும் ஒன்றுக்கும் ஆகாதது விழும். விழுந்தது பிடிக்காவிட்டால் மறுபடி ஸ்பின். யாருக்கு என்ன விழுந்தது என்பதுதான் மறுநாள் பள்ளிக்கூடத்துப் பேச்சு. ஒன்றுமில்லாமல் வெறும் உடுப்போடு ஆட வருகிறவனுக்கு ஒரு கேலிப்பெயர்கூட வைத்திருக்கிறார்கள்.

"இது சூதாட்டம் மாதிரி இல்லையாப்பா?" என்றேன்.

ஒருவன் சிரித்துவிட்டான். "நீங்க வேற சார்! ரம்மில ஜெயிச்சா காசு வரும். இதுல காசு எங்க வருது? போனா போனதுதான். அப்புறம் எப்படி சூதாவும்?"

அந்தப் பையன் சொன்னதைவிடத் தெளிவாக இந்தியச் சட்டத்தின் நிலையை ஒரு வக்கீல்கூடச் சொல்லிவிட முடியாது. ஜெயித்தால் காசு திரும்ப வரக்கூடிய ஆட்டத்துக்குத் தடை, வழக்கு, ஆணையம். எப்படி ஆடினாலும் காசு திரும்பவே வராத ஆட்டத்துக்கு 12+.

பெட்டி என்றாலும் சக்கரம் என்றாலும் விஷயம் ஒன்றுதான். அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நாற்பது வயது தாண்டியவர்களுக்குப் பெட்டிக்கடையில் தொங்கிய பரிசு அட்டை நினைவிருக்கும். அட்டை முழுக்க மடித்து ஒட்டிய சின்னச் சின்னத் தாள்கள். மேலே தண்ணீர்த் துப்பாக்கி, கண்ணாடி, மோதிரம். பத்துப் பைசா கொடுத்து ஒரு தாளைக் கிழித்தால் ஓர் எண் வரும், அந்த எண்ணுக்குரிய சாமான் நமக்கு. அநேகமாக ஒரு மிட்டாய். அதுவும் பிள்ளைகளின் காசைப் பறிக்கிற வேலைதான், நல்லது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது. அட்டையில் நூறு தாள் என்றால் நூறுதான். ஒவ்வொன்றாகக் கிழியக் கிழிய, மிச்சமிருக்கும் தாள்களில் தண்ணீர்த் துப்பாக்கி கிடைக்கும் வாய்ப்பு கூடும். நூறையும் ஒருவனே கிழித்தால் துப்பாக்கி நிச்சயம். துப்பாக்கி போய்விட்டால் அந்த அட்டையை எவனும் சீண்டமாட்டான்.

போனில் இருக்கும் அட்டையில் தாள் குறைவதே இல்லை. கிழித்த தாளை அந்தக் கணமே திரும்ப ஒட்டிவிடுகிறார்கள். ஒரு அபூர்வ ஸ்கின் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு தடவை ஸ்பின் போட்டால் கிடைத்துவிடும் என்றுதான் பிள்ளை நினைக்கும். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் நினைப்பார்கள். கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. நூறு பிள்ளைகள் ஆளுக்கு நூறு தடவை போட்டால், அவர்களில் ஏறக்குறைய 37 பேருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. இருநூறு தடவை போட்டாலும் 13 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். 99 தடவை தோற்றவனுக்கு நூறாவது தடவையும் அதே நூற்றுக்கு ஒன்றுதான். இதைத் தடுக்கிறோம் என்று சில விளையாட்டுகளில் இத்தனை தடவை போட்டால் கட்டாயம் உண்டு என்று உத்தரவாதம் தருகிறார்கள். கருணை மாதிரித் தெரியும். அறுபது தடவை போட்டுவிட்டு எழுந்திருக்க நினைக்கிற பையனைப் பிடித்து உட்கார வைப்பதே அந்த உத்தரவாதம்தான்.

ரூபாயை நேராகக் கேட்காமல் டைமண்ட், யூசி என்று விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் காசாக மாற்றச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நூறு ரூபாய் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும். டைமண்ட் கொடுக்கும்போது தயங்காது. விற்கிற டைமண்டின் அளவும், வேண்டிய ஸ்பின்னுக்கான அளவும் பெரும்பாலும் பொருந்தாது. எப்போதும் கொஞ்சம் மிஞ்சும், அல்லது கொஞ்சம் குறையும். குறைந்ததை நிரப்ப இன்னொரு டாப்-அப். பக்கத்திலேயே ஒரு கடிகாரம், "இன்னும் இவ்வளவு நேரம்தான்" என்று ஓடிக்கொண்டிருக்கும். போலி அவசரம் காட்டி விற்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்கள் முறைகேடுகளின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

எப்போது பரிசு வரும் என்று தெரியாதபோதுதான் உயிரினம் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டி அறுபது, எழுபது வருடங்கள் ஆகின்றன. சூதாட்ட விடுதிகளின் இயந்திரங்கள் எல்லாம் அந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன. 2018-ல் டேவிட் செண்டில், பால் கெய்ன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் விளையாட்டு ஆடும் 7,422 பேரிடம் கேட்டு ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சூதாட்டப் பிரச்சினை தீவிரமாக இருப்பவர்கள் இந்தப் பெட்டிகளுக்கு அதிகம் செலவழிக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. பெட்டி திறந்து பழகியவன் சூதாடியாகிறானா, சூதாடும் இயல்புள்ளவன் பெட்டியைத் தேடி வருகிறானா என்பதை அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டில் எது உண்மையென்றாலும், எட்டாம் வகுப்புப் பையன் நிற்க வேண்டிய இடம் அதுவல்ல.

இப்போது நம் சட்டத்துக்கு வருவோம். இணையவழிச் சூதாட்ட விஷயத்தில் தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. 2020 நவம்பரில் அவசரச் சட்டம். அதையொட்டி வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு. அதில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் இருந்தார். அந்தக் குழுவின் அறிக்கையை வைத்து ஒரு மசோதா, அதை ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல் என்று பெரிய கதை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடைப் பட்டியலில் வைக்க முடியாது என்றது. அதன் பிறகு தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிமுறைகள் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழே யாரும் ஆடக் கூடாது, ஆதார் வழி அடையாளம் வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது. நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்த விதிகளை உறுதி செய்தது.

நல்ல விதிகள்தான். ஆனால் அவை பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு மட்டும். அந்த விதிகளின்படி நள்ளிரவில் ரம்மி மேசை மூடியது. டைமண்ட் கடை திறந்தே இருந்தது.

ரம்மிக்காக இத்தனை வருடம் நீதிமன்றத்தில் நடந்த வாதம் திறமையா, அதிர்ஷ்டமா என்பது. ரம்மியில் கொஞ்சமாவது ஞாபகமும் கணக்கும் வேண்டும். ஸ்பின் சக்கரத்தில் திறமைக்கு என்ன இடம்? விரலால் தட்டுவதைத் தவிர ஆடுகிறவன் செய்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. திறமையென்று வாதாட வழியே இல்லாத ஆட்டம், பரிசு காசாக இல்லை என்ற ஒரே காரணத்தால் சட்டத்தின் கண்ணில் படாமல் நிற்கிறது.

மத்திய அரசின் இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் 2025 ஆகஸ்டில் மூன்றே நாட்களில் மக்களவை, மாநிலங்களவை, குடியரசுத் தலைவர் என்று எல்லாப் படிகளையும் தாண்டியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆட்டம் கூடாது என்றது. மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அதில் பணம் என்ற சொல்லோடு நிறுத்தாமல் டோக்கன், காயின், கிரெடிட் எல்லாவற்றையும் பந்தயப் பொருளாகச் சேர்த்திருக்கிறார்கள். கிடைக்கும் பரிசைச் சொல்லும்போதும் பணத்தோடு பிற ஆதாயத்தையும் குறிப்பிடுகிறார்கள். அப்படியானால் துப்பாக்கி ஸ்கின் ஆதாயமா? ஆமென்றும் வாதாடலாம், இல்லையென்றும் வாதாடலாம். ஓர் ஆட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்று தீர்மானிக்க ஓர் ஆணையத்துக்கும் அதே சட்டம் வழி செய்திருக்கிறது. அந்த ஆணையத்தின் முன் வைக்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று இது என்பது என் எண்ணம்.

மற்ற நாடுகள் என்ன செய்தன? ஜப்பான் 2012-லேயே, பல பெட்டிகளைத் திறந்து ஒரு முழுத் தொகுப்பைச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற வகையை நிறுத்தியது. தென்கொரியாவில் 2024 மார்ச் முதல் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது சட்டக் கட்டாயம். ஆப்பிளும் கூகுளும்கூடத் தங்கள் கடைகளில் விகிதத்தைச் சொல்லச் சொல்கின்றன. சொல்கிறார்கள்தான், ஒரு மூலையில் கேள்விக்குறி போட்ட பொத்தானுக்குள், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரும் சதவீதத்தைப் பார்த்து எந்தப் பிள்ளை ஆட்டத்தை நிறுத்தும்?

பெல்ஜியம் ஒரே வெட்டாக வெட்டியது. 2018-ல் அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம் இந்தப் பெட்டிகள் சட்டவிரோதம் என்று அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் சில விற்பனையை நிறுத்தின. 2022-ல் லியோன் சியாவ் என்ற ஆய்வாளர் பெல்ஜியத்தில் ஐபோனில் அதிகம் சம்பாதிக்கும் நூறு விளையாட்டுகளை எடுத்துப் பார்த்தபோது, 82-ல் பெட்டி அப்படியே இருந்தது. தடையென்று எழுதினால் போதாது, காவல் காக்கவும் ஆள் வேண்டும். நெதர்லாந்தில் அரசு அமைப்பு ஈ.ஏ. நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. 2022 மார்ச்சில் மேல்முறையீட்டில் அது ரத்தானது. பேக் திறப்பது தனி ஆட்டமல்ல, திறமை வேண்டிய ஒரு பெரிய ஆட்டத்தின் பகுதி என்று தீர்ப்பு. நம் ஊர் ரம்மித் தீர்ப்பின் வாசனை அதில் வரவில்லையா?

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் வழி. 2024 செப்டம்பர் 22 முதல் அங்கே ஒரு விதி. காசு கொடுத்து அதிர்ஷ்டப் பெட்டி வாங்கும் வசதி இருந்தால், மற்றபடி எவ்வளவு சாதுவான விளையாட்டாக இருந்தாலும், 15 வயதுக்குக் கீழே பரிந்துரைக்க முடியாது என்ற தரத்துக்குக் குறைந்து கிடைக்காது. சூதாட்ட விடுதியைப் போலவே நடித்துக் காட்டும் விளையாட்டு என்றால் 18 வயது. முதலாவது வெறும் அறிவுரைதான், சட்டப்படி தடுக்காது. அது ஒரு குறை. ஆனாலும் தாய் தகப்பன் கண்ணில் படுகிற எண் உண்மையைச் சொல்கிறது. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டை நடத்தும் நிறுவனம், இரண்டு கோடி டாலர் கட்டவும், 16 வயதுக்குக் கீழானவர்களுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் பெட்டி விற்பதை நிறுத்தவும் ஒப்புக்கொண்டது. அங்கே வர்த்தக ஆணையம் கேட்டது, இங்கே யாரும் கேட்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

முன்பே சொன்னேன், ஒரே விடைத்தாள், நாட்டுக்கு நாடு வேறு எண். ஆஸ்திரேலியாவுக்கு ஓர் எண்ணும் நமக்கு ஓர் எண்ணும் காட்டக்கூடிய இயந்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டாம், ஆயிரம் பேரை வேலைக்கு எடுக்க வேண்டாம். இந்தியாவுக்கென்று ஒரு விதி எழுதி, காசு கொடுத்து அதிர்ஷ்டம் பார்க்கும் பெட்டி இருந்தால் 18+ என்று காட்டு என்று சொன்னால் போதும். ஏன் 18? ரம்மிக்கு 18 என்று தமிழ்நாடு எழுதிவிட்டது. லாட்டரியை 2003-லேயே தடை செய்த மாநிலம் இது. செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, ஆரியங்காவுக்குப் போய்க் கேரளச் சீட்டு வாங்கி வருகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அந்தச் சீட்டில்கூட விலை என்ன, முதல் பரிசு எவ்வளவு, குலுக்கல் எந்தத் தேதி என்று அச்சடித்திருக்கும். அதைக்கூட வேண்டாமென்ற மாநிலம், அதைவிட மறைவாக நடப்பதை 12 வயதுக்கு விட்டுவைக்கலாமா?

வயது எண்ணைப் பிள்ளைகள் மதிப்பார்களா, பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுவிட்டு ஆடத்தானே போகிறார்கள் என்று கேட்பீர்கள். ஆடுவார்கள். கேட்கிற சம்மதத்தை அம்மாவின் போனிலேயே வாங்கி அவர்களே கொடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் தெரிந்ததே. ஆனால் எனக்கு எழுதிய அந்த அம்மா கவனிக்காமல் விடவில்லையே, அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் விட்டார். 18+ என்று இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். பிள்ளையை அடக்குவதற்கு முன், தாய்க்கு உண்மையைச் சொல்வதற்கு அந்த எண் பயன்பட வேண்டும்.

விளையாட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு விலை வைத்து, வாங்கினால் முழுதாகக் கிடைக்கிற எத்தனையோ நல்ல விளையாட்டுகள் இருக்கின்றன. இந்த ஸ்கின் நூறு ரூபாய் என்று நேராக விற்றால், வாங்குவதும் வாங்காததும் வீட்டுக்காரர் பாடு. சாமானை மறைத்து வைத்து வாய்ப்பை விற்பதுதான் பிரச்சினை.

சட்டம் வரும்வரை வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. ப்ளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் கடவுச்சொல்லோ விரல் ரேகையோ கேட்கும்படி மாற்றிவிடுங்கள். அந்த விரல் ரேகை பிள்ளையுடையதாக இருக்க வேண்டாம். ஃபேமிலி லிங்க் என்ற கூகுள் ஏற்பாட்டில் பிள்ளை எதை வாங்கக் கேட்டாலும் உங்கள் போனுக்குத் தகவல் வரும். யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளைக்குத் தெரியாமல் வைப்பது முக்கியம். "பால் வாங்கிட்டு வா" என்று போனைக் கொடுத்துவிட்டு நாமே எண்ணைச் சொல்லிவிடுகிறோம். மொபைல் கடையில் கிடைக்கும் ரிடீம் கோடுக்கு எண்ணே தேவையில்லை, கையில் காசு இருந்தால் போதும். கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பள்ளிச் சீருடையில் வந்து கேட்கிறவனுக்கு விற்காதீர்கள்.

போன காசைத் திரும்பக் கேட்கலாம். நீங்கள் அனுமதிக்காமல் போன பணத்துக்கு 120 நாட்களுக்குள் கூகுளிடம் முறையிட வழி இருக்கிறது. 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது இந்தியாவில் 1903-லேயே பிரிவி கவுன்சில் மொஹரி பீவி வழக்கில் உறுதி செய்த சட்டம். விண்ணப்பத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்து எழுதுங்கள். சரியான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பையன் தூங்காமல், சாப்பிடாமல், பேசினால் எரிந்து விழுகிற நிலைக்குப் போயிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம். அடிக்க வேண்டாம். வாய்ப்புக் கணக்கை அவனோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். படித்துறையில் என்னிடம் பேசிய பையன்களில் ஒருவன் அந்த 37 பேர் கணக்கைக் கேட்டுவிட்டு, "அப்ப நம்மள நல்லா ஏமாத்துதான் சார்" என்றான். மறுநாள் டைமண்ட் ஏற்றியிருப்பானா, மாட்டானா, எனக்குத் தெரியாது.

வாசகர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் வீட்டிலும் இப்படிப் பணம் போயிருந்தால், விளையாட்டின் பெயர், ப்ளே ஸ்டோரில் அதற்கு இருந்த வயது எண், பிள்ளையின் வயது, போன தொகை ஆகிய நான்கையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி ஆசிரியர் பக்கத்துக்கு அனுப்புங்கள். பெயரும் ஊரும் வேண்டாம். வருகிறவற்றைத் தொகுத்துத் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்துக்கும், நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புவோம். அவர்களிடமிருந்து வரும் பதில், வந்தாலும் வராவிட்டாலும், இந்தப் பக்கத்திலேயே அச்சாகும்.

அன்புடன்,
ஆசிரியர்